சாபம் யார் தலையில்?

“சந்தையில் சர்க்கார் தலையிடக் கூடாது, விலை தானாக அமையும், கூலியும் தானாக அமையும்.” முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மந்திரிகளும் முதலாளிமார் சங்கங்களும் இந்த ஒரே பல்லவியைப் பாடி வருகிறார்கள். ஆலையில் ஆட்குறைப்பு என்றாலும் இதே பல்லவி. களத்தில் நெல் விலை சரிந்தாலும் இதே பல்லவி.

இது பச்சைப் பொய் என்று காட்ட நாம் நம்முடைய ஆசான்களிடம் போக வேண்டியதில்லை. அவர்கள் மாலை போட்டுக் கொண்டாடும் ஒரு பேராசிரியரின் வாழ்க்கையே போதும்.

அவர் பெயர் ராபர்ட் வில்சன். 1937-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து 1963-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1964-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, வாழ்நாளை அங்கேயே கழித்தார். அவரிடம் படித்த ஆல்வின் ராத் 2012-லும், பெங்க்ட் ஹோம்ஸ்ட்ரோம் 2016-லும் நோபல் பரிசு பெற்றார்கள். 2020-ல் இன்னொரு மாணவரான பால் மில்க்ரோமுடன் சேர்ந்து குருவும் பரிசு பெற்றார். எதற்காக? ஏலம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்ததற்காக. புதிய ஏல முறைகளை உருவாக்கியதற்காக. இந்தத் துறைக்குச் ‘சந்தை வடிவமைப்பு’ என்று பெயர்.

பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! தானாக அமைவதற்கு வடிவமைப்பாளன் எதற்கு? மழைக்கு யாராவது பிளான் போடுகிறார்களா? சந்தைக்கு விதி வேண்டும், விதியை மனிதன்தான் எழுதுகிறான் என்று அறுபது ஆண்டு உழைப்பால் ஒப்புக்கொண்டவர் வில்சன். மந்திரிகளின் பல்லவியை அவர்களுடைய பேராசிரியரே பொய்யாக்கிவிட்டார்.

அவருடைய அறிவை நாம் இகழவில்லை. அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்றை நம் மக்கள் நன்றாகவே அறிவார்கள். காசிமேட்டில் கூடை மீன் ஏலத்துக்கு வருகிறது. மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும். அடியில் இருப்பது தெரியாது. பத்து வியாபாரிகள் பத்து விதமாக மதிக்கிறார்கள். கூடை யாருக்குப் போகும்? எல்லோரையும் விட அதிகமாக மதித்தவனுக்கு. அதாவது, பெரும்பாலும் தப்பாக மதித்தவனுக்கு. ஜெயித்த அன்றே அவனுக்கு நஷ்டம். இதற்கு ‘வென்றவனின் சாபம்’ என்று பெயர். கடலடி எண்ணெய் நிலத்தை ஏலம் எடுத்த கம்பெனிகள் இப்படிச் சூடுபட்டதை 1971-ல் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்களே எழுதினார்கள். கெட்டிக்கார ஏலதாரன் இந்தச் சாபத்துக்குப் பயந்து, தன் மதிப்பீட்டுக்குக் கீழேயே கேட்பான் என்று வில்சன் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சரி, இந்தக் கணக்கெல்லாம் யாருக்குப் பயன்பட்டது? 1994-ல் அமெரிக்க சர்க்கார் வானலைகளை ஏலம் விட்டது. அதற்கு முறை வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர்கள் வில்சனும் மில்க்ரோமும். அப்போது அவர்கள் பசிபிக் பெல் என்ற டெலிபோன் கம்பெனியின் ஆலோசகர்கள்! ஏலத்தில் இறங்க நினைக்கும் கம்பெனி, ஏல விதிக்கு யோசனை சொல்லப் பேராசிரியரை அமர்த்துகிறது. இதில் ரகசியம் எதுவும் இல்லை; அங்கே அதுதான் நடைமுறை. ஒரு பேராசிரியரைக் குறை கூறி ஆவதும் ஒன்றுமில்லை. பணமுள்ளவன் விதி எழுத ஆள் வைக்கிறான். பணமில்லாதவனுக்கு எழுதி முடித்த விதி வந்து சேருகிறது. இதுதான் விஷயம்.

இங்கே வருவோம். வள்ளூர் அனல் மின் நிலையம் 500 மெகாவாட் வீதம் மூன்று யூனிட்டுகள் கொண்டது. தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் சரிபாதிப் பங்கில் கட்டிய மக்கள் சொத்து. இதன் மின்சாரம் நீண்டகால ஒப்பந்தத்தில் மாநிலங்களுக்குப் போகிறது. ஆனால் 2008 முதல் நாட்டில் மின்சாரச் சந்தையும் நடக்கிறது. ஒரு நாளைப் பதினைந்து நிமிஷமாக 96 துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஏலம். 2022 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது அங்கே யூனிட் விலை 20 ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உச்ச வரம்பு 12 ரூபாய் என்றது; 2023 ஏப்ரலில் 10 ரூபாய் என்றது. எந்த இயற்கைச் சக்தி இருபதைப் பன்னிரண்டாக்கியது? ஒரே ஓர் உத்தரவு! சந்தையில் தலையிட முடியாது என்றவர்கள் எங்கே போனார்கள்?

இனி, கூலியைப் பார்ப்போம். எண்ணூரிலிருந்து மீஞ்சூர் வரை நிரந்தர வேலை சுருங்கி, காண்ட்ராக்ட் வேலை பெருகிக் கிடக்கிறது. காண்ட்ராக்ட் டெண்டர் என்பது என்ன? தலைகீழ் ஏலம். குறைந்த தொகை போட்டவனுக்கே வேலை. இங்கே ஜெயிப்பவன் யார்? செலவை எல்லோரையும் விடக் குறைத்துப் போட்டவன். வில்சனின் கணக்குப்படி சாபம் அவன் தலையில் விழ வேண்டும். விழுகிறதா? இல்லை! அவன் நஷ்டப்படுவதில்லை. ஓவர்டைமில் பிடிக்கிறான். பி.எப். கட்டாமல் விடுகிறான். ஐந்து பேர் வேலையை மூன்று பேரிடம் வாங்குகிறான். கையுறையும் பூட்ஸும் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கிறான். காகிதத்தில் குறைந்தபட்சக் கூலி இருக்கிறது. கைக்கு வருவது வேறு. வென்றவன் காண்ட்ராக்டர், சாபம் தொழிலாளி தலையில்!

நோபல் பரிசு பெற்ற அன்று வில்சனிடம், நீங்கள் ஏலத்தில் ஏதாவது வாங்கியதுண்டா என்று நிருபர்கள் கேட்டார்கள். அவருக்கு நினைவில்லை. மனைவி எடுத்துச் சொன்ன பிறகே, பனிச்சறுக்குக் காலணி வாங்கியது நினைவுக்கு வந்தது. நம் தொழிலாளி டெண்டருக்கு டெண்டர் ஏலம் போகிறான். அவன் சாபத்தைக் கணக்கிட எந்தக் கம்பெனி எந்தப் பேராசிரியரை அமர்த்தியது?

இன்னொரு வேடிக்கை. பல ஏலங்களுக்கு அடிவிலை உண்டு. அதற்குக் கீழே பொருள் கிடையாது. 2012-ல் இந்திய சர்க்கார் நாடு முழுவதற்குமான 5 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு 14,000 கோடி ரூபாய் அடிவிலை வைத்தது. கண்ணுக்குத் தெரியாத அலைக்கு அடிவிலை! நெல்லுக்கு? 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்களை நிறைவேற்றி, திறந்த சந்தை உங்களைக் காக்கும் என்றார்கள். அடுத்த மாதம் வில்சனுக்குப் பரிசு. அதற்கடுத்த மாதம் விவசாயிகள் டில்லி எல்லையில்! அவர்கள் கேட்ட விதி, ஆதார விலையைச் சட்டமாக்கு என்பது. ஓராண்டு மழையிலும் குளிரிலும் அசையாமல் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸாயின. அடிவிலைச் சட்டம் மட்டும் இன்னும் பாக்கி.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. விதி எழுதத்தான் படுகிறது என்றால், நம் விதியையும் எழுது!

ஒன்று: டெண்டரில் கூலி, பி.எப்., இ.எஸ்.ஐ., பாதுகாப்புச் சாதனம் ஆகியவற்றைப் போட்டியிலிருந்து வெளியே எடு. காண்ட்ராக்டர்கள் தங்கள் கமிஷனில் போட்டி போடட்டும். நம் வயிற்றில் அல்ல.

இரண்டு: காண்ட்ராக்டர் கூலியில் பிடித்தால், மறுகேள்வியின்றி வேலை கொடுத்த நிர்வாகமே நேரே கொடுக்க வேண்டும்.

மூன்று: டெண்டர் நிபந்தனை எழுதும் மேசையில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கு நாற்காலி வேண்டும்.

நான்கு: நெல்லுக்கு ஆதார விலை சட்டமாக வேண்டும். அந்தக் கணக்கில் நாற்று நடுகிறவர், அறுக்கிறவர் கூலி நியாயமாகச் சேர வேண்டும்.

இது ஆகாத காரியம் என்பார்கள். மின்சார விலையை ஒரே உத்தரவில் எட்டு ரூபாய் இறக்க முடிந்தவர்களுக்கு இதுவும் முடியும். ஸ்டான்போர்டில் விதி எழுத அறுபது ஆண்டுப் படிப்பு வேண்டியிருந்தது. டில்லி எல்லையில் விதியை மாற்ற ஓராண்டு ஒற்றுமை போதுமாக இருந்தது. நிரந்தரத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கட்டும். அடுத்த டெண்டர் திறக்கும் முன்பே சங்கத்தைக் கூட்டுங்கள்!