ஈப்போவில் பிறந்த வழக்கறிஞரும் நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தந்தை செல்வாவின் வாழ்க்கையைச் சொன்னேன். "அவர் இலங்கைத் தலைவராயிற்றே! கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவர் எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அதற்கான விடையே இப்பதிவு.

சா. ஜே. வே. செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று பிறந்த ஊர், நம் மலைக்கு அடிவாரத்தில் இருக்கும் ஈப்போ. சிறு வயதிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குச் சென்றுவிட்டார். அறிவியல் பட்டம் பெற்று, கொழும்பில் நம்மைப்போல் ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் சட்டம் பயின்று புகழ்பெற்ற வழக்கறிஞரானார். மஸ்கெலியாவில் சொந்தமாகத் தேயிலைத் தோட்டமும் வைத்திருந்தார். 1947-இல் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார்.

மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது அது. லயத்தில் பிறந்து லயத்திலேயே மாண்டவர்கள் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று.

செல்வநாயகம் அச்சட்டத்தை எதிர்த்தார். அவருடைய கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்தபோது இவர் விலகி, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், அவரே தோட்ட முதலாளிதானே? தொழிலாளிக்காக ஏன் பேசினார்?" என்றாள். "இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று உணர்ந்தவர் அவர்" என்றேன். அவள் அமர்ந்தாள், என் மனம் அமரவில்லை.

அவர் வென்றார் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது. 1952-இல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1964-இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களைக் கேளாமலேயே 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003-இல். அவர் மறைந்தது 1977-இல்.

இது வேற்றூர்க் கதை அன்று. 1969-இல் இங்கும் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமானது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். சிவப்பு அடையாள அட்டையோடு கண்மூடிய தாத்தா பாட்டிகளை நாம் அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. கோயிலில் தாலி கட்டிய பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை. தோட்டத்து வேலையில் அரை நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போட்டது, பிள்ளையின் பள்ளி வாழ்வையே மறித்து நின்றது. அவன் தாய் என் முன் அழுத அழுகையை நான் மறக்கவில்லை.

பெற்றோர்களே, திருமணத்தையும் பிள்ளையின் பிறப்பையும் காலத்தில் பதிவு செய்யுங்கள். ஆசிரியர்களே, பத்திரமில்லாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அது அக்குடும்பத்தின் தொல்லை என்று ஒதுங்காதீர்கள், உடன் செல்லுங்கள். தமக்குக் குடியுரிமைச் சிக்கலே இல்லாத ஒருவர் பிறருக்காக எழுந்து நின்றதுதான் இக்கதை. அதைப் பாடமாகச் சொல்பவர் நாற்காலியிலேயே அமர்ந்திருப்பது தகுமா?