பலகாரமும் நீரிழிவும்

நம் நாட்டில் மனிதன் எதைத் தின்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவன் உடம்புக்கும் இல்லை, வைத்தியருக்கும் இல்லை. பஞ்சாங்கத்துக்கே இருந்து வருகின்றது. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி என்று நாள் பார்த்து, அன்று சோறு கூடாது, பலகாரம் கூடும் என்கிறார்கள். இட்டலியும் தோசையும் பின் எதில் செய்யப்படுகின்றன? நாலு பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் சேர்த்து அரைத்த மாவு ஆவியில் வெந்த மாத்திரத்தில் அரிசி அரிசியல்லாமல் போய்விடுமா என்று கேட்கின்றோம்.

திடகாத்திரமுள்ளவனிடத்தில் இந்தப் புரட்டு வேடிக்கையாக முடியலாம். நீரிழிவுக்காரனிடத்தில் விபரீதமாகவே முடியும். 2023ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் வெளியான கணக்குப்படி, இந்நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இவ்வியாதி உண்டு. வைத்தியர் அரிசியைக் குறைக்கச் சொன்னால் இவர்கள் சோற்றை நிறுத்தி, காலையில் ஆறு இட்டலி தின்று, பத்தியம் இருந்ததாகத் திருப்தி அடைகிறார்கள். சீனி வேண்டாமென்றால் கருப்பட்டியும் தேனும் வருகின்றன. கேழ்வரகில் நார்ச்சத்து அரிசியைவிட அதிகம் என்பது மெய்யே. ஆனால் அதிலும் பெரும்பகுதி மாச்சத்துதான். நைசாக அரைத்துக் கஞ்சியாய்க் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை வேகமாகவே ஏறும். பெயர் மாறினால் குணமும் மாறுமென்பது மந்திரத்தை நம்புகிறவன் புத்தியே அல்லவா?

வேண்டியது மாச்சத்தில் அளவும், பருப்பும், காய்கறியுமே. இரண்டு இட்டலிக்குப் பருப்பும் காயும் நிறைந்த கெட்டிச் சாம்பார், பாசிப்பயறு தோசை, பருப்பு மிகுந்த அடை, கொண்டைக்கடலைச் சுண்டல் இவையெல்லாம் ஏழை வீட்டிலும் செய்யக்கூடியவை. முட்டையில் மாச்சத்து அனேகமாக இல்லை. ஆசாரம் கெடுமென்று அதை ஒதுக்கிவிட்டு, பிரசாதம் என்று வெண்பொங்கலை வயிறு முட்ட உண்பவருக்கு நாளை கண் மங்கி, காலில் புண் வந்தால் ஆசாரம் வந்து காப்பாற்றுமா?

இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, விரதமென்று காலை ஆகாரத்தை விடுவது இதனினும் ஆபத்தானது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவே தப்பலாம். அதைச் சாமி வந்ததென்று சொல்லவும் நம்மில் ஆளுண்டு!

பெண்கள் நிலைமையோ இன்னும் மோசம். புருஷனுக்குத் தனிப் பத்தியம் சமைப்பவளுக்கே அவ்வியாதி வந்தால், எல்லோரும் உண்டபின் மிஞ்சிய பழைய சோறுதான் அவளுக்குப் பத்தியம்.

இதையெல்லாம் தலையெழுத்து என்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 1921ல் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்தை ஆராய்ந்தே இன்சுலினைக் கண்டார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையனுக்கு அது போடப்பட்டது. அவன் பின்னும் 13 வருஷம் வாழ்ந்தான். தலையெழுத்தை அழித்தது எந்தச் சாமி?

ஆகவே தோழர்களே, நாம் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டாம். உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். 180க்கு மேல் அடிக்கடி போனால் அளவைக் குறைத்து மறுபடியும் பாருங்கள். அந்தக் கணக்கை வைத்தியரிடம் காட்டுங்கள். பஞ்சாங்கம் சொல்லாததை அந்தத் துளி சொல்லும்.