பாடம் பண்ணிய புலியும் வைக்கோல் கன்னுக்குட்டியும்

"1972ல வந்த வனவிலங்குச் சட்டம் ஒரு அருமையான கலையைக் கொன்னுடுச்சு"ன்னு ஒரு புலம்பல் அடிக்கடி காதுல விழுது. பழைய பங்களா படம், சுவத்துல புலித்தலை, கூடவே ஒரு பெருமூச்சு. மக்களே, கொஞ்சம் நிதானமா பேசுவோமா?

கலைதான், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. செத்த மிருகத்தைப் பாடம் பண்றதுன்னா தோலை உரிச்சு வைக்கோல் திணிக்கிறதுன்னு பலபேர் நினைக்கிறாங்க. அப்படிச் செஞ்சா எப்படி இருக்கும்னு தெரியணும்னா ஸ்வீடன் நாட்டு கிரிப்ஸ்ஹோம் கோட்டை சிங்கத்தோட படத்தைத் தேடிப் பாருங்க. (சிரிப்பு வந்தா நான் பொறுப்பில்லை.) நிஜ வேலை வேற. உரிக்கிறதுக்கு முன்னாடி உடம்பை அங்குலம் அங்குலமா அளக்கணும். தோலை உப்புப் போட்டுப் பதப்படுத்தணும். நடக்கும்போது எந்தத் தசை முறுக்கும், எது தொங்கும்னு தெரிஞ்சு முழு உடம்பையும் சிற்பமா செய்யணும். அப்புறம்தான் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண்ணு வெச்சு, உதட்டை உள்ளே மடிச்சு விடணும். தோல் வெறும் சட்டை, உள்ளே இருக்கறது சிற்பி.

இது எங்க கள்ளக்குறிச்சிக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். 2021ல புவிசார் குறியீடு வாங்கின மரச்சிற்பம் எங்களோடது. யாளியை நேர்ல பாத்தவன் எவன்? ஆனா எங்காளு செதுக்கினா அது பாயத் தயாரா நிக்கும்.

பாடம் பண்றதும் எங்களுக்குப் புதுசில்லை. கறவை மாட்டோட கன்னு செத்துப்போச்சுன்னா, அதன் தோலை உரிச்சுக் காயவெச்சு, வைக்கோலை அடைச்சுத் தைச்சு, காலுக்கு நாலு குச்சி வெச்சு பசு முன்னாடி நிறுத்துவாங்க. பசு மோந்து பாக்கும், நக்கும், பால் சுரக்கும். ஏமாத்து வேலைதான், பாவம்தான். ஆனா அந்தக் கன்னை யாரும் தோலுக்காகக் கொல்லலை. செத்ததுக்கு அப்புறம்தான் தோலுக்கு வேலை வந்துச்சு.

பெருமூச்சு விடறவங்களோட மைசூர் கதை இதுக்கு நேர் தலைகீழ். வான் இங்கன் கம்பெனி, உலகத்துலேயே பேர் போன பட்டறை. காகிதக் கூழ் அச்சுல புலி உடம்பு வார்ப்பாங்க, வேலை அவ்வளவு சுத்தம். மகாராஜா, வெள்ளைக்கார துரை, சுதந்திரத்துக்கு அப்புறம் டாலரோட வந்த அமெரிக்க வேட்டைக்காரன்னு வாடிக்கைக்குப் பஞ்சமே இல்லை. அவங்களைப் பத்திப் புத்தகம் எழுதின பேட் மோரிஸ் கணக்குப்படி அந்த ஒரு பட்டறையில மட்டும் 43,000க்கு மேல புலியும் சிறுத்தையும் பாடம் ஆகியிருக்கு. 1972ல நாடு பூரா எண்ணினப்ப மிச்சம் இருந்த புலி 1,827. இப்ப சொல்லுங்க, யார் யாரைக் கொன்னது? சட்டம் மூடினது ஆர்டர் நோட்டைத்தான். கடை 1999 வரைக்கும் ஓடிச்சு.

எனக்கு இன்னும் எரிச்சல் தர்ற விஷயம் ஒண்ணு இருக்கு. தாத்தா சுட்ட புலித்தலையை, சட்டம் வந்தப்பவே கணக்குக் காட்டி உரிமைச் சான்றிதழ் வாங்கியிருந்தா பேரன் ஹால்ல மாட்டி வெச்சுக்கலாம். அப்ப காட்டாதவங்களுக்கு 2003ல இன்னொரு 180 நாள் வாய்ப்பு வேற. கல்வராயன்மலையில, 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த அந்த மலையில, நாட்டுத் துப்பாக்கியோட சிக்குற மலையாளி இனத்து ஆளுக்கு எத்தனை நாள் வாய்ப்பு? அவன் வேட்டையாடுறது சரின்னு நான் சொல்ல வரலை. அவன் சுட்டா குற்றம், அவர் தாத்தா சுட்டா பாரம்பரியம், அதைப் பாத்துத்தான் கலை போச்சேன்னு நமக்குக் கண்ணீர். எந்த ஊரு நியாயம்யா இது?

கலை வேணும்னா அதுக்கு வழி இருக்கு. அமெரிக்காவுல கார்ல் ஏக்லி இதே வேலையைத்தான் மியூசியத்துக்குச் செஞ்சார். கொரில்லாவைச் சுட்டவரும் அவர்தான், அப்புறம் அதுங்களுக்குச் சரணாலயம் வேணும்னு அலைஞ்சவரும் அவர்தான். 1925ல காங்கோவுல தேசியப் பூங்கா வந்ததுல அவர் பங்கு பெரிசு. இங்கே மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுல கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சந்தோஷ் கெய்க்வாட் 2009ல இருந்து, தானா செத்த மிருகங்களைப் பாடம் பண்ணித் தர்றார். சட்டத்துக்கு உள்ளேயே, அனுமதியோட.

நம்ம பக்கம் பாருங்க. சின்னசேலத்தைத் தாண்டினா தலைவாசல், அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. உடம்பு செதுக்கத் தெரிஞ்ச கை கள்ளக்குறிச்சியில இருக்கு. ரோட்டுல வண்டியில அடிபட்டுச் சாகுற மான், மயிலைப் பரிசோதனை முடிச்சுக் குழியில போடுறதுக்குப் பதிலா, வனத்துறை இந்த ரெண்டு பேரையும் கூட்டி உக்கார வைக்கலாம். செய்யறதை மலைமேல இருக்கற பள்ளிக்கூடத்துல வைங்க. தனியார் சுவத்துக்கு ஒண்ணுகூடத் தராதீங்க.

டிஸ்கி: சான்றிதழோட புலித்தலை வெச்சிருக்கற அன்பர்கள் கோச்சுக்காதீங்க. பக்கத்துல இருக்கற மியூசியத்துக்கு எழுதிக் குடுத்துடுங்க, தூசியாவது தட்டுவாங்க.