வழியோர எழுத்துகள்



கோடை விடுமுறையில் ஒரு நாள் பங்கு இளைஞர் இருவருடன் சேலத்திலிருந்து தருமபுரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குக் காரில் புறப்பட்டோம். இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் ஒரு பகல் முழுவதும் நீண்டது. இளைஞருள் ஒருவர் கையில் இருந்த புகைப்படக் கருவியே அதற்குக் காரணம். புது நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஊர்களுக்குள் செல்லும் பழைய சாலைகளில் அவர் நம்மை அழைத்துச் சென்றார். வெயிலும் மழையும் தின்ற சுவர் விளம்பரம், துருவேறிய தகரப் பலகை, மண்ணில் பாதி புதைந்த மைல்கல் என எதைக் கண்டாலும், "சாமி, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்பார். முதலில் நமக்குச் சலிப்பே மேலிட்டது.

ஆனால் போகப் போக நமக்கும் கண் திறந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவை நம் நாட்டிற்கு வந்தது. நாளடைவில் சாலையோரக் கற்களில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆயினும், 'மைல்கல்' என்னும் சொல்லை மக்கள் விட்டார்களில்லை. கல்லில் அழிந்தது நாவில் வாழ்கிறது!

தருமபுரியை நெருங்குகையில் இளைஞர் ஒரு படத்தைக் காட்டினார். 'அதியமான் பெருவழி' என்னும் பழம்பாதையில் நாட்டப்பெற்று, அப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட தொலைவுக் கல் அது. நாவற்தாவளம் என்னும் இடத்திற்கு 29 காதம் என்று அது அறிவிக்கிறது. எழுத்தோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கனும் தொலைவை அறிந்துகொள்ளட்டும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எவரோ எண்ணிப் பார்த்திருக்கிறார். அந்த எண்ணம் நம் நெஞ்சைத் தொட்டது.

நிற்க. மாலையில் ஓர் ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் ஒன்றைக் கண்டோம். நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு நடப்பவர், இறக்கிவைக்கப் பிறர் துணையின்றி, சற்றே இளைப்பாறுவதற்கென அமைந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நிறுவுவது நம் மக்கள் வழக்கமாக இருந்தது. தன் சுமையை இறக்கிவைக்காமலே போனவளின் பெயரால் பிறர் சுமை இறக்கும் இடம் அது.

இளைஞர் படமெடுக்க, நாம் வாளாவிருந்தோம். பழைய தவறு ஒன்று நம் நினைவை உறுத்தியது. முன்னர் நாம் பணியாற்றிய பங்கில் சுற்றுச்சுவர் எழுப்பும்போது, சாலையோரத்தில் இத்தகைய கல் ஒன்று குறுக்கே நின்றது. என்ன செய்வதென்று கொத்தனார் கேட்டார். "எழுத்தே தெரியவில்லை, இனி யாருக்குப் பயன்? அடித்தளத்திற்குப் போட்டுவிடுங்கள்" என்றோம். சில வாரம் கழித்து, அடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். "சாமி, இங்கிருந்த எங்க அக்கா கல்லு எங்கே?" என்று மட்டும் கேட்டார். அவர் எழுதப் படிக்க அறியாதவர். சந்தைக்குச் செல்லும்போதெல்லாம் அக்கல்லைத் தொட்டுவிட்டுப் போவாராம். நாம் தலைகுனிந்தோம். அவருக்குக் கொடுக்க ஒரு படம்கூட நம்மிடம் இல்லை.

எழுத்து மங்கியதால் பொருளும் மங்கிவிட்டது என்று நாம் கொண்டது பிழை. படிக்கத் தெரிந்த நமக்கு அது வெறுங்கல். படிக்கத் தெரியாத அவருக்கோ உடன்பிறந்தவள்.

ஆதலின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைப் பயணங்களில் பிள்ளைகள் இத்தகைய எழுத்துகளைப் படமெடுக்கட்டும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் விழும்போது எடுத்தால், பள்ளங்களில் நிழல் படிந்து மங்கிய எழுத்தும் தெளிவாகும். எழுத்தை விளக்குவதாக எண்ணிக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வண்ணம் பூசவோ வேண்டா. படத்தோடு ஊர்ப்பெயரையும் நாளையும் குறித்துவைக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அருகிலுள்ள திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம், "தாத்தா, இது யார் வைத்த கல்?" என்று கேட்கட்டும். கல் இன்னும் சில காலம் நிற்கும். அவர் அதுவரை இருப்பாரென்று சொல்வதற்கில்லை.