மன்னிப்பை யார் கேட்பது?

கூடுவாஞ்சேரியில் பீச் ரயில் ஏறுகிற எங்க சனத்தில் பலர் பையில் ஜெபமாலை இருக்கும். அன்றாடச் சோற்றையும் பாவ மன்னிப்பையும் ஒரே மூச்சில் கேட்கிற ஜெபம் எங்களுடையது. இதில் எனக்கு வெட்கமில்லை. விசுவாசம் இல்லாமல் இந்தத் திருச்சபைக்குள் தலித் கிறித்துவன் ஒருநாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆனால் தோழர்களே, மன்னிப்பை யார் யாரிடம் கேட்பது? எறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும் நற்கருணை வாங்குகிறவர்கள்தான். (போலீஸ் சுட்டதில் செத்த இரண்டு பேரும் ஆதிக்க சாதிக் கிறித்துவர்கள். அந்த வீட்டு அழுகையும் அழுகைதான்.) திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பினார்கள். இத்தனைக்கும் நமக்குக் கிடைக்கிற பிரசங்கம், "மன்னிச்சிடுப்பா, ஏசு மன்னிக்கலையா?"

கத்தோலிக்க முறைப்படியே மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், பரிகாரம் மூன்றும் வேண்டும். குடிச்சதைச் சொல்றான், பொய் சொன்னதைச் சொல்றான். சாதி பார்த்ததை எவன் சொல்றான்? சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் கொள்கை அறிக்கை போட்டது. அறிக்கை பரிகாரம் ஆகுமா?

வரி வசூலித்த சகேயு ஏசுவிடம் வெறும் கையால் கும்பிடு போடவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். எங்களுக்கு நாலு மடங்கு வேண்டாம். பங்குப் பேரவையில் பாதி இடம், சபை நடத்துகிற பள்ளி கல்லூரிகளில் வேலை, தேர் எங்க தெருவுக்கும் வரணும். இதைச் செய்துவிட்டு வரட்டும், மன்னிப்பைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.