உம்மம்மாவின் தட்டத்தில் ஒரு துட்டு



மாணவன் ஒருவனின் தாயார் இரண்டு செப்புக்காசுகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். மௌத்தாகிவிட்ட உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் கிடந்தவையாம். "இரண்டிலும் கீறல் இருக்கிறது, பெறுமதியில்லை என்று வியாபாரி சொல்கிறார். மகளின் படிப்புச் செலவுக்கு விற்க நினைத்தேன். ஹஸரத் பார்த்துச் சொல்லட்டும்" என்பது செய்தி.

இரண்டும் ஒல்லாந்தக் கம்பனியின் காசுகள். வீ, ஓ, சீ என்ற மூன்றெழுத்தும் பின்னிக் கிடந்தன. ஒல்லாந்தர் 1796 வரை நம் கரையோரத்தை ஆண்டவர்கள். நாம் சொல்லும் 'துட்டு' அவர்களுடைய 'டொய்ட்' என்ற காசின் பெயரே.

முதற் காசின் கோட்டை நகத்தால் மெதுவாகத் தடவினேன். நகம் பள்ளத்தில் இறங்கவில்லை, மேட்டில் தட்டியது. அது கீறலல்ல, அச்சு வெடிப்பு!

கொழுக்கட்டை அச்சை நினைத்துப் பாருங்கள். அச்சில் குழி எங்கேயோ, அங்கே மா மேடாகும். காசும் அப்படித்தான். பல்லாயிரம் தடவை அடிபட்ட எஃகு அச்சு வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் செம்பு புகுந்து, காசில் மேடான கோடாக நிற்கும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால், அவ்விடத்தில் எழுத்தோ உருவமோ இல்லாத திரட்சி காணப்படும்.

எனவே கோடு மேடாக இருந்தால் அது அச்சில் வந்தது. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பின்னர் விழுந்த கீறல். விளக்கைச் சரிவாகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தால் நிழல் காட்டிக் கொடுக்கும்.

வேறு குறைகளும் உண்டு. முன்னைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் இரு பக்கமும் ஒரே உருவம் விழும். ஒன்று மேடாகவும் மற்றது இடவலம் மாறிப் பள்ளமாகவும் இருக்கும். 1801 முதல் 1816 வரை ஆங்கிலேயர் வெளியிட்ட தடித்த யானைக் காசுகளில் உருவம் ஓரத்துக்கு விலகியிருப்பது சாதாரணம். அதை அபூர்வமென்று யாரும் விலை ஏற்றினால் நம்பிவிடாதீர்கள்.

அச்சு வெடிப்பு இருந்தாலே பெரும் பணம் என்றும் எண்ண வேண்டாம். பழங்காசுகளில் அது அடிக்கடி காணப்படுவதே. ஆனால் அதைக் கீறல் என்று சொல்லி விலை குறைப்பது நியாயமல்ல.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். புளி, கொறுக்காய், சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். காலத்தால் படிந்த கபில நிறம் போய்விட்டால் திரும்ப வராது, விலையும் இறங்கும். ஓரத்தில் பிடித்து, காய்ந்த கடதாசியில் சுற்றி வையுங்கள்.

இரண்டாவது காசில் நகம் இறங்கியது. அது உண்மையான கீறல்தான். "முதற் காசை வேறு இருவரிடமும் காட்டி விலை கேளுங்கள். மற்றதை விற்கும்போது கீறலைச் சொல்லியே விற்றுவிடுங்கள்" என்று எழுதியனுப்பினேன். பிறர் நம் பொருளில் இல்லாத குறையைச் சொல்லும்போது நமக்கு வலிக்கிறது. இருக்கும் குறையை நாம் மறைத்தால் வாங்குபவருக்கும் அப்படித்தானே வலிக்கும்?

உங்கள் வீட்டுத் தட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.