பத்து வீட்டுக்கு ஓர் ஆலயமா?



"பத்து வீட்டுக்கு ஓர் ஆலயம் எதற்கு? ஞாயிறுதோறும் வேன் அனுப்பி, கூரத்துப் பக்கத்து விசுவாசிகளைக் காஞ்சிபுரத்துக்கே அழைத்து வந்துவிடலாமே" என்னும் பேச்சு நம்மிடையே எழுகிறது. செலவு குறையும் என்கிறார்கள். கணக்கு சரிதான், உபதேசம் தவறு.

இரண்டு மூன்று பேர் தம் நாமத்தில் கூடினாலே நடுவில் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்தார் (மத்தேயு 18:20). அவர் போதும் என்ற எண்ணிக்கையை, போதாது என்று சொல்ல நாம் யார்?

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பல மரபினரும் பேராயர் ஊழியத்தை ஏற்றுக்கொண்டார்கள். சிற்றூரையும் நகரத்தையும் ஒரே திருவிருந்தில் பிணைப்பதற்கே அந்த ஊழியம். சிற்றூரை நகரம் விழுங்குவதற்கு அன்று. அன்றைய தினம் பேராயராக அபிஷேகம் பெற்றவர்களுள் ஒருவரான லெஸ்லி நியூபிகின், 1939 முதல் காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர். அவர் கிராமங்களுக்குச் சென்றார்; அங்குள்ள எளிய மக்களையே சபைத் தலைவர்களாகப் பயிற்றுவித்தார்.

வேனில் வருகிறவர்கள் நம் ஆலயத்தில் எந்த வரிசையில் அமர்வார்கள்? வேதபாடம் வாசிக்க யாரை அழைப்போம்? யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு விடை சொல்லுங்கள். சேரியில் நிற்கும் அச்சிற்றாலயம், தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், தாங்களே வாசலைத் திறந்து பிறரை வரவேற்கும் இடம். அதைப் பூட்டுவது சிக்கனம் அன்று. சாதியின் பழைய வேலை.

அயலாரிடமிருந்தும் கற்போம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர் கூரத்தைப் போற்றுகின்றனர். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. கேட்க விரும்புவோர் தலைநகருக்கு வரட்டும் என்று அவன் சொல்லவில்லை. ஜீவவசனத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் சொல்லலாமா?

நம் நெசவாளர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கோர்வைச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் வெவ்வேறு நாடா ஓடும். ஒன்றை ஒன்று மறைக்காமல் இழையோடு இழை கோத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பிணைப்பு எளிதில் விடுவதில்லை. திருச்சபையின் ஐக்கியமும் அவ்விதமே.

ஆகையால் வேனை அனுப்புவோம். ஆனால் அது நம்மை ஏற்றிக்கொண்டு அங்கே போகட்டும். அந்தப் பத்து வீட்டாரின் உபசரிப்பில், அவர்களுடைய பீடத்தண்டையில், நாம் விருந்தினராய் முழங்காற்படியிடுவோம்.

கர்த்தர் தாமே நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.